காளிச்சாமி அடித்த என்னுடைய இரண்டு கோல்கள்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் செய்தியிலிருந்து வந்தது. கற்பனை ஊற்று, உள்மனத் தூண்டல் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் பள்ளியின் பழைய கால்பந்து அணிகளைப் பற்றி முன்னாள் மாணவர்கள் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதைத் தொகுக்கும் யஷ்வந்த் எனக்கு எழுதியிருந்தான்: ‘சார், 1985 அணியைப் பற்றி நீங்கள்தான் எழுத வேண்டும். இறுதிப் போட்டியில் இரண்டு கோலும் அடித்தவரே எழுதினால்தான் அழகு. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள்.’ கூடவே கைகூப்பும் பொம்மைகள் மூன்று.

அந்தச் செய்தியில் ஒரு பிழை இருக்கிறது. அந்த இரண்டு கோல்களையும் நான் அடிக்கவில்லை.

(பள்ளியின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று மூன்றாம் பகுதியில் தெரியும்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன். எழுதி அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: ‘எழுபத்திரண்டில் வெறுங்காலோடு ஆடிய அணியை யாரால் மறக்க முடியும்? அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர்தான் பெயர். கோல் கம்பத்துக்கு நடுவில் ‘கேட்டு’ நின்றார். அவருக்கு முன்னால் ‘லோடு லாரி’ நின்றார். எழுபத்தெட்டில் ஒரே வீட்டிலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் ஆடினார்கள். அவர்கள் ஊர்க் கோயில் நோம்பி வந்தால் அணியில் மூன்று ஓட்டை விழும். எண்பத்தொன்றில்…’

இது நன்றாகத்தான் ஓடியது. எண்பத்தைந்து வந்ததும் கை நின்றுவிட்டது.

தொடக்கம் இரண்டு: ‘அன்று நான் ஒன்பதாம் எண் சட்டை போட்டிருந்தேன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.’

இந்த இரண்டு வாக்கியங்களும் சத்தியம். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அடித்துச் சொல்வேன். ஆனால் அந்த வேர்வை என்னுடையது அல்ல. ஒரு பொய்கூடச் சொல்லாமல் இத்தனை பெரிய பொய் சொல்ல முடிகிறது என்று தெரிந்ததும் எனக்கே பயம் வந்துவிட்டது.

தொடக்கம் மூன்று: ‘நான் அந்த ஆட்டத்தில்’

இதற்கு மேல் எழுத வரவில்லை. ‘நான்’ என்று ஆரம்பித்தால் மூன்றாவது சொல்லில் நின்றுபோகிறது. ஆகவே இனி ‘அவர்’ என்று எழுதிப் பார்க்கிறேன். அவர் பெயர் பாலகோபால். வயது ஐம்பத்தேழு. கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கிறார். கொஞ்சம் தொப்பை, நிறைய மரியாதை. இப்போது பாருங்கள், எவ்வளவு சுலபமாக வருகிறது.

3

1985-இல் பாலகோபால் பன்னிரண்டாம் வகுப்பு. அணியில் பதினைந்தாவது ஆள். அதாவது பதினான்கு பேருக்கும் காய்ச்சல் வந்தால் அவர் ஆடுவார். அவருடைய அப்பாவுக்கு அப்போது இரும்பு வார்க்கும் ஒரு சின்ன பவுண்டரி இருந்தது; அதனால் அவரிடம் நல்ல பூட்ஸ் இருந்தது. அணியில் அவர் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று மற்றவர்கள் அவர் காதுபடவே பேசுவார்கள்.

அதே வகுப்பில் காளிச்சாமி படித்தான். அன்னூர்ப் பக்கத்துத் தோட்டக்கார வீட்டுப் பையன். ஒன்பதாவதில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்ந்தவன். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் மற்ற இருபத்தொரு பேரும் வேடிக்கை பார்க்கத்தான் வேண்டும். பிரச்சினை ஒன்றே ஒன்று. போட்டி பத்தொன்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. பள்ளிப் பதிவேட்டின்படி அவன் பிறந்தது ஜூன் 1966. ஆறு மாதம் தாண்டிவிட்டது.

பி.டி. மாஸ்டர் கோவிந்தராஜுலு நல்ல மனிதர். கெட்ட காரியத்தையும் நல்ல மனத்தோடு செய்தார். பாலகோபாலின் தகுதிப் படிவத்தை எடுத்து, அதிலிருந்த மங்கலான புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ‘இதுல யார் மூஞ்சியை வெச்சாலும் பொருந்தும்’ என்றார். அன்றிலிருந்து எல்லா ஆட்டத்திலும் பாலகோபாலின் பெயர், பூட்ஸ், பிறந்த தேதி மூன்றும் காளிச்சாமிக்கு. பூட்ஸ் ஒரு எண் பெரிது. பவுண்டரியில் கை துடைக்கும் பஞ்சை முன்னால் திணித்துக்கொண்டான். அணியில் யாரும் அவனைக் காளி என்று கூப்பிடக் கூடாது, பாலு என்றுதான் கூப்பிட வேண்டும் என்று மாஸ்டர் சத்தியம் வாங்கினார்.*

* கோவிந்தராஜுலு என்பது நான் வைத்த பெயர். மாஸ்டர் இப்போது இல்லை. பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிறார்கள். பள்ளியின் பெயரை எழுதாததற்கு அவர்கள்தான் காரணம். இந்த ஆள்மாறாட்டம் அந்த நாட்களில் எங்கள் பள்ளியில் மட்டும்தான் நடந்தது என்று நினைக்கிறவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளலாம்.

4

இறுதிப் போட்டி காரமடைப் பக்கம் ஒரு மைதானத்தில். எதிரணி மலைமேலிருந்து இறங்கி வந்த பள்ளி. மூச்சு வாங்காமல் ஓடுவார்கள், பதினொரு பேருக்கும் சொந்த பூட்ஸ்.

பாலகோபாலை வரக் கூடாது என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் மைதானத்தில் இருந்தால் வம்பு. ஆனாலும் அவர் பஸ் ஏறிப் போனார். மைதானத்துக்கு வெளியே ஒரு டீக்கடை. அதன் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்து பார்த்தால் புழுதியும் கோல் கம்பத்தின் மேல் பாதியும் தெரியும். அவ்வளவுதான்.

ஆனால் காது கேட்டது. முதல் கோல் விழுந்ததும் நூற்றுக்கணக்கான பேர் ‘பாலகோபால், பாலகோபால்’ என்று கத்தினார்கள். மலைக்காரர்கள் ஒன்று திருப்பிப் போட்டார்கள். கடைசி நிமிடங்களில் மறுபடி புழுதி எழுந்தது, மறுபடி அதே பெயர். இந்த முறை பெண்கள் குரலும் கேட்டது.

இந்த இடத்தில் கதாசிரியர் என்ன எழுத வேண்டும்? அவர் கூனிக் குறுகிப்போனார் என்றா? வாசகருக்கு அது பிடிக்கும். ஆனால் உண்மை வேறு. அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு சந்தோஷம் அவருக்கு வரவில்லை. (கல்யாணத்தன்று? இல்லை. மன்னித்துவிடு, பங்காரம்மா. இதை நீ படிக்கத்தான் போகிறாய்.)

ஆட்டம் முடிந்ததும் பத்திரிகைக்குப் புகைப்படம் எடுக்க வந்தார்கள். மாஸ்டருக்கு அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் பேப்பரில் பாலகோபால் என்று பெயர் போட்டுக் காளிச்சாமியின் முகம் வந்தால் ஊரே பார்க்கும். டீக்கடைக்கு ஆள் ஓடி வந்தது. கைகால் கழுவும் தொட்டிக்குப் பின்னால் வைத்துச் சட்டையை மாற்றினார்கள். காளிச்சாமி கழற்றிக் கொடுத்த ஈரச் சட்டை பாலகோபாலின் உடம்பில் ஒட்டிக்கொண்டது. கோப்பைக்குப் பக்கத்தில் அவர் நின்றார். பாலகோபாலின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, புகைப்படக்காரனுக்குப் பின்னால் நின்றான் காளிச்சாமி. சிரித்துக்கொண்டுதான் நின்றான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபடிதான் பாலகோபால் படத்தில் சிரித்திருக்கிறார்.

5

அதன்பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தப் பகுதி பிடிக்கவில்லை.

‘பாலகோபால் இடது காலால் லாவகமாக அடித்த இரண்டாவது கோல்’ என்று பேப்பரில் வந்தது. அம்மா அதைக் கத்தரித்துச் சட்டம் போட்டு, வெங்கடாசலபதி படத்துக்கு நேர் கீழே மாட்டினார். பத்து நாள் கழித்து, மாவட்ட அணித் தேர்வுக்கு பாலகோபால் வர வேண்டும் என்று கடிதம் வந்தது. பாலகோபாலால் போக முடியாது. பந்தை ஒருமுறை உதைத்தாலே வண்டவாளம் தெரிந்துவிடும். காளிச்சாமியும் போக முடியாது. அங்கே அசல் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். பாலகோபாலுக்கு மஞ்சள் காமாலை என்று மாஸ்டர் பதில் எழுதிப் போட்டார். அந்தக் கடிதத்தோடு காளிச்சாமியின் கால்பந்து முடிந்தது.

பாலகோபால் பாலிடெக்னிக்குக்கு விண்ணப்பித்தபோது விளையாட்டுச் சான்றிதழையும் சேர்த்து வைத்தார். சீட்டு கிடைத்தது மார்க்காலா, சான்றிதழாலா என்று இன்றுவரை விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் கிடைத்துவிடுமே என்கிற பயம்தான்.

6

இந்தப் பாலகோபால் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நாற்பது வருடம் வாயைத் திறக்காத ஆளுக்கு, மலர் வரப்போகிறது என்றதும் மனசாட்சி முழித்துக்கொண்டதாம். நம்பும்படியாக இல்லை. அவர் பயந்தது மனசாட்சிக்கு அல்ல, அச்சுக்கு. பேப்பர்க்காரன் எழுதியது பேப்பர்க்காரன் சொன்ன பொய். இப்போது அவரே எழுதிக் கீழே பெயரும் போட்டால் அது அவர் சொன்ன பொய். அந்த வித்தியாசத்துக்குத்தான் நாலு நாள் தூக்கம் போனது.

பழைய கேப்டன் கண்ணையாவைக் கூப்பிட்டுக் கேட்டார். விட்டுத்தள்ளுங்கள், போனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார் கண்ணையா. ஆனாலும் காளிச்சாமியின் எண்ணைக் கொடுத்தார். உடுமலைப்பேட்டையில் தேங்காய்க் களம் வைத்திருக்கிறானாம்.

உடுமலைக்குப் போகும் வழியில் பாலகோபால் (அப்போதே கதையாக யோசிக்க ஆரம்பித்துவிட்டார்) மூன்று முடிவுகளைத் தயார் செய்துகொண்டார்.

அ. காளிச்சாமி நேற்றுத்தான் இறந்துபோயிருக்கிறார். வாசலில் பந்தல். சோகமான முடிவுக்கு இலக்கியத்தில் மதிப்பு அதிகம். ஆனால் காலையில்தான் போனில் பேசினார், குரல் கணீரென்று இருந்தது.

ஆ. இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு, களத்தில் ஒரு தேங்காயை உதைத்து விளையாடுகிறார்கள். இருவருக்கும் முழங்கால் வலி. தவிர, தேங்காயை உதைத்தால் கட்டைவிரல் போய்விடும்.

இ. காளிச்சாமி அவரை அடிக்கிறார். மூன்றில் இதுதான் நியாயமான முடிவு. பொள்ளாச்சியைத் தாண்டும்போது அவர் கன்னம் தானாகவே கூசியது.

7

நான்காவதாக ஒன்று நடந்தது.

களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. காளிச்சாமி கொப்பரையைக் கிளறும் பலகையைச் சாத்திவிட்டு வந்தார். மீசை வெளுத்திருந்தது, நடை அப்படியே இருந்தது. ‘டா’ போட்டுப் பேசிய காலம் போய்விட்டதால் இருவரும் கொஞ்ச நேரம் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அப்புறம் காளிச்சாமிதான் ஆரம்பித்தார்.

“வாங்க பாலு. நீங்க எப்ப வருவீங்களோன்னு நாப்பது வருசமா பயந்துட்டு இருந்தேனுங்க.”

பாலகோபாலுக்குப் புரியவில்லை. பயந்தது தானல்லவா?

விஷயம் இதுதான். யாராவது பழைய ஆள் தன்னைப் பார்த்து, ‘ஒன்பதாம் நம்பர் ஆடினது இவன்தானே’ என்று சொல்லிவிட்டால் கோப்பையைப் பிடுங்கிக்கொள்வார்கள், பாலகோபாலின் படிப்பைச் செல்லாது என்று சொல்லிவிடுவார்கள் என்று காளிச்சாமி பயந்திருக்கிறார். அதனால்தான் ஒரு பழைய மாணவர் கூட்டத்துக்கும் அவர் வந்ததில்லை. ஊரைவிட்டு மாமனார் ஊரில் வந்து தொழில் பண்ணியதற்கும் அது ஒரு காரணமாம். பாலகோபால் சான்றிதழைப் பற்றிச் சொன்னார். சீட்டு அதனால் கிடைத்திருக்கலாம் என்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார்.

“அந்த சீட்டுல நானா போயி உக்காந்திருக்கப் போறேன்?” என்றார் காளிச்சாமி. “பன்னெண்டுல நான் பெயிலுங்க.”

அதோடு விட்டிருக்கலாம். பாலகோபாலுக்கு விட மனம் வரவில்லை. மாவட்ட அணித் தேர்வுக் கடிதத்தைப் பற்றிக் கேட்டார். காளிச்சாமி ஒரு கொப்பரையை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டுப் போட்டார்.

“அது ரெண்டு வருசம் ஆறலீங்க. பொய் சொல்லக் கூடாதல்லோ. அப்புறம் ஊருப் பசங்க வந்து கூப்பிட்டாங்க. இனி யாரு பேருல ஆடறதுன்னு உட்டுப்போட்டேன்.”

இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் போட வேண்டும் என்று நாள் முழுக்க யோசித்து…

அப்போது காளிச்சாமியின் மனைவி ராசாத்தாள் இளநீர் கொண்டுவந்தார். விருந்தாளி யார் என்று கேட்டார். காளிச்சாமி தயங்கினார். பிறகு, கூடப் படித்தவர், பேர் பாலகோபால் என்றார்.

ராசாத்தாளின் முகம் மாறிவிட்டது. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம். எப்போது டி.வி.யில் கால்பந்து ஓடினாலும் காளிச்சாமி, நானும் ஒரு பைனலில் ரெண்டு கோல் அடித்தேன் என்று ஆரம்பிப்பார். பேப்பர்ல போட்டாங்களா என்று ராசாத்தாள் கேட்பார். போட்டார்கள், ஆனால் பாலகோபால் என்று போட்டார்கள் என்பார் இவர். உலகத்தில் எந்தப் பெண்டாட்டி இதை நம்புவாள்? அடுத்தவர் பேப்பரைக் காட்டிப் பெருமை பேசுகிறார் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மகள் அக்ஷயா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது நம்பினாளாம். பெரியவளானதும் அம்மா பக்கம் சேர்ந்துவிட்டாள்.

பாலகோபால் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியாது. கோர்ட்டில் நிற்பதுபோல நின்றார்.

“நான் ஆடலீங்க. ஒரு நிமிசங்கூட ஆடலை. ரெண்டு கோலும் இவரு அடிச்சதுங்க. எம்பேரு மட்டுந்தான் பேப்பர்ல வந்துச்சு.”

சொல்லிவிட்டார். வானம் இடியவில்லை. பக்கத்துக் களத்தில் யாரோ லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போனது அவருக்குத் தெரிந்தது. மூச்சு வயிறு வரைக்கும் போய் வந்தது.

“அப்ப இவரு சொன்னதெல்லாம் நெசமுங்களா?” என்றார் ராசாத்தாள்.

நிஜம்தான் என்று சொல்லி, எதற்காகப் பெயர் மாற்றி ஆடவேண்டி வந்தது என்பதையும் பாலகோபால் விளக்கினார். வயது ஆறு மாதம் தாண்டிவிட்டது, பிறந்தது அறுபத்தாறு என்றதும் ராசாத்தாள் குறுக்கிட்டார்.

“என்னாது அறுபத்தாறா? எனக்கும் இவருக்கும் எட்டே மாசந்தானுங்க வித்தியாசம். நான் உடுமலை ஆஸ்பத்திரியில பொறந்தவ. அறுபத்தொம்போது மார்ச்சு. சர்ட்டிபிகேட் இருக்குதுங்க.”

ராசாத்தாள் காளிச்சாமிக்கு மாமன் மகள். குடும்பக் கதை முழுக்க அவருக்கு அத்துபடி. காளிச்சாமியின் அப்பா பையனைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது, எந்த வருடம் பிறந்தான் என்று வாத்தியார் கேட்டாராம். கிணறு வெட்டின வருசம் என்றாராம் அப்பா. வாத்தியாரும் உள்ளூர்க்காரர். அந்தத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது பூசைச் சாப்பாடு சாப்பிட்டவர். கணக்குப் போட்டு அறுபத்தாறு என்று எழுதிவிட்டார். ஆனால் அந்தத் தோட்டத்தில் இரண்டு கிணறு. முதல் கிணற்றில் பாறைதான் வந்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொன்று வெட்டினார்கள். அதில் தண்ணீர் வந்த வாரம்தான் காளிச்சாமி பிறந்தார்.

அப்படியானால் 1985-இல் காளிச்சாமிக்குப் பதினேழு வயது. சொந்தப் பெயரிலேயே தாராளமாக ஆடியிருக்கலாம். மாஸ்டர் பாவம் செய்ய வேண்டிய அவசியமே இருந்திருக்கவில்லை. யாரும் யாரிடமிருந்தும் கோப்பையைத் திருடவில்லை.

பதிவேட்டில் இருந்த தேதியைத் தவிர வேறொன்றை அறியாத காளிச்சாமி முதலில் வாயைப் பிளந்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பாலகோபாலுக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணில் நீரும் வந்தது, அதை அவர் மறைக்கவில்லை. ராசாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. புருசன் பக்கத்தில் மூட்டைமேல் போய் உட்கார்ந்தார்.

“அந்த ரெண்டாவது கோலை எப்படி அடிச்சீங்கன்னு சொல்லுங்க.”

முப்பத்திரண்டு வருடத்தில் அவராகக் கேட்டது அதுவே முதல் தடவை என்று காளிச்சாமியின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. காளிச்சாமி சொன்னார். வலது ஓரமாகப் பந்து வந்தது. இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு இடது காலால் ஓங்கி அடித்தார். பெரிய பூட்ஸ் அல்லவா, பந்தோடு சேர்ந்து அதுவும் கழன்று பறந்தது. கறுப்பாக ஒன்று பறந்து வருவதைப் பார்த்த மலைக்காரக் கீப்பர் பாய்ந்து, பூட்ஸைப் பத்திரமாகப் பிடித்துவிட்டார். பந்து மறுபக்கமாக உருண்டு உள்ளே போனது.

இதுதான் ‘லாவகமாக அடித்த இரண்டாவது கோல்’. தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பாலகோபாலுக்கு அதுவரை இது தெரியாது. ஆட்டம் முடிந்ததும் நடந்த சட்டை மாற்றும் களேபரத்தில் யாரும் சொல்லவில்லை.

“இதைப் பேப்பர்ல போட்டிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேனுங்க” என்று ராசாத்தாள் இப்போது சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

(பூட்ஸ் என்னுடையது என்பதை இங்கே பணிவோடு பதிவு செய்துகொள்கிறேன்.)

8

மலரில் என்ன போடுவது என்று கேட்டதற்கு, எதுவும் மாற்ற வேண்டாம் என்றார் காளிச்சாமி. மாஸ்டர் பெயர் கெட்டுவிடக் கூடாது, இவள் நம்பினால் போதும் என்றார். ராசாத்தாள் ஒத்துக்கொள்ளவில்லை. “போடோணுமுங்க. எம்பட ஊட்டுக்காரரு பேரு பேப்பர்ல வரோணும்” என்றார். நான் கிளம்பும்போதும் அந்தத் தகராறு ஓயவில்லை.

(‘நான்’ என்று எழுதிவிட்டேன். எழுத வருகிறது. இருக்கட்டும்.)

கட்டுரைக்குப் பதிலாக இந்தக் கதையை யஷ்வந்துக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான். கதையா நிஜமா என்று கேட்டான். எந்தப் பிரிவில் போடுவது என்று தெரிந்தால் போதும் என்றான். உன் இஷ்டம் என்றேன். பிறகு தயங்கிக் கேட்டான்: புகைப்படத்துக்குக் கீழே கோல் அடித்தவர் பெயர் போட வேண்டுமே, காலையில் அச்சுக்குப் போகிறது, என்ன போடட்டும் சார்?

புள்ளி வைத்து விட்டுவிடு, கதையில் இதையும் சேர்த்து ராத்திரியே அனுப்புகிறேன் என்றேன். ஆகவே இந்த மலரின் எல்லாப் பிரதிகளிலும் அந்த வரி இப்படித்தான் இருக்கும்:

இறுதிப் போட்டி, 1985. வெற்றி 2–1. இரண்டு கோலும் அடித்தவர்: ………………………………

அன்று நீங்கள் அந்த மைதானத்தில் இருந்திருந்தால் ‘பாலகோபால்’ என்றுதான் கத்தியிருப்பீர்கள். அது உங்கள் தப்பில்லை. இப்போது உங்களுக்கு எல்லாம் தெரியும். மாஸ்டரின் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள், காளிச்சாமி சொன்னதையும் நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பேனாவை எடுத்து நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள், அல்லது புள்ளியாகவே விட்டுவிடுங்கள். உங்கள் பிரதியில் இந்தக் கதை எப்படி முடிகிறது என்று நான் கேட்க மாட்டேன்.

ஒரு பிரதி உடுமலைக்குப் போகிறது. அது ஒன்று எப்படி முடியும் என்று மட்டும் எனக்குத் தெரியும். ராசாத்தாளுக்கு என்று எழுதி, கூடவே ஒரு பேனாவையும் வைத்து அனுப்பப் போகிறேன்.